அறுபது பக்கமாகியும் ஹீரோ வரவில்லை

தம்பி: அக்கா, இந்தப் புத்தகத்துக்கு வாடகை போடாதீர்கள். அறுபது பக்கம் படித்துவிட்டேன், ஹீரோ இன்னும் வரவில்லை.

அக்கா: காட்டு. ‘கால் ஃபார் தி டெட்’. ஜான் லெ காரே எழுதிய உளவு நாவல், 1961. ஹீரோதான் முதல் அத்தியாயத்திலேயே வந்துவிட்டாரே!

தம்பி: முதல் அத்தியாயத்தில் ஒரு குண்டு மனிதர்தான் வருகிறார். குள்ளம் வேறு. காசைக் கொட்டி மட்டமான துணி தைத்துப் போடுகிறார். பெண்டாட்டி ஒரு கார் பந்தயக்காரனோடு போய்விட்டாள்.

அக்கா: அவரேதான். ஜார்ஜ் ஸ்மைலி.

தம்பி: அவர் மேலதிகாரி இல்லையா? ஹீரோவைக் கூப்பிட்டு வேலை கொடுப்பார் என்றல்லவா காத்திருக்கிறேன்!

அக்கா: இன்னும் பல நாவல்களில் வருவார்.

தம்பி: இதே உடம்போடா?

அக்கா: இதே உடம்போடுதான்.

தம்பி: சரி, சண்டையாவது போடுவாரா?

அக்கா: கண்ணாடியைக் கழற்றி டை நுனியால் துடைப்பார்.

தம்பி: துடைத்துவிட்டு?

அக்கா: மாட்டிக்கொள்வார்.

தம்பி: அக்கா!

அக்கா: கடைசியில் ஒரு சண்டை இருக்கிறது. அதையும் சொல்லிவிட்டால் அப்புறம் நான் எதற்குக் கடை வைத்திருக்கிறேன்?

தம்பி: ஜேம்ஸ் பாண்டு கதை எழுதிய ஃபிளெமிங்கைப் பாருங்கள். குடிக்கிறது, புகைக்கிறது, ஓட்டுகிற கார் எல்லாம் பிராண்டு பெயரோடு வரும். இவர் கதையில் பாதி நேரம் யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றே தெரியவில்லை.

அக்கா: அந்த ஆபீசில் அப்படித்தான் பேசுவார்கள். இவர் உளவுத்துறையில் சம்பளம் வாங்கிக்கொண்டே எழுதியவர். புனைபெயரே அதனால்தான்.

தம்பி: ஃபிளெமிங்கும் போர்க்காலத்தில் கடற்படை உளவுப் பிரிவில் இருந்தவர்தானே?

அக்கா: இருந்தார், பெரும்பாலும் மேஜையில். எழுத உட்கார்ந்ததும் அதனால்தான் மேஜையை விட்டு அவ்வளவு தூரம் ஓடுகிறார்.

தம்பி: பாண்டுக்கு மேஜையெல்லாம் கிடையாது.

அக்கா: ‘மூன்ரேக்கர்’ படித்திருக்கிறாயா?

தம்பி: படம் பார்த்திருக்கிறேன். விண்வெளிக்குப் போவான்.

அக்கா: புத்தகத்தில் ஆபீசுக்குப் போவான். பத்து மணிக்கு வருவான், ஆறு மணிக்குக் கிளம்புவான். சாகச வேலை வருஷத்துக்கு இரண்டு, மூன்று தடவைதான். மற்ற நாளெல்லாம் பைல். சம்பளம் வருஷத்துக்கு 1,500 பவுண்டு.

தம்பி: பாண்டுக்குச் சம்பளமா?

அக்கா: பின்னே, தர்ம சேவையா?

தம்பி: துப்பாக்கியையாவது விட்டுவையுங்கள்.

அக்கா: அதுவும் இரவல் யோசனைதான். பூத்ராய்டு என்றொரு வாசகர், உங்கள் ஆள் வைத்திருக்கும் பெரெட்டா பெண்களுக்கான துப்பாக்கி என்று ஃபிளெமிங்குக்குக் கடிதம் போட்டார். 1958இல் ‘டாக்டர் நோ’ வரும்போது அது வால்தர் பிபிகே ஆகிவிட்டது. பாண்டுக்கு ஆயுதம் தேர்ந்து கொடுப்பவருக்கும் அந்த வாசகர் பெயரையே வைத்துவிட்டார்.

தம்பி: அப்படியா! அப்போது நானும் லெ காரேக்கு ஒரு கடிதம் போடுகிறேன், ஸ்மைலிக்குப் பத்து கிலோ குறைக்கச் சொல்லி.

அக்கா: அவர் 2020இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

தம்பி: அடடா.

அக்கா: கடைசி வரை ஒரு கிலோகூடக் குறைக்கவில்லை.

தம்பி: இருந்தாலும் ஹீரோ என்றால் ஒரு இது வேண்டாமா? உள்ளே நுழைந்தால் எல்லோரும் திரும்பிப் பார்க்க வேண்டாமா?

அக்கா: எல்லோரும் திரும்பிப் பார்த்தால் அவன் என்னடா உளவாளி? மாப்பிள்ளை. எதிர்வீட்டுக்கு யார் வந்தார்கள், எப்போது போனார்கள் என்று ராத்திரி பதினொரு மணி வரை ஜன்னலில் நிற்கிறாயே, அது உனக்குப் போரடிக்கவில்லை. அதையே இந்த மனுஷன் அரசாங்கச் சம்பளத்துக்குச் செய்தால் மட்டும் கதை நகரவில்லையா?

தம்பி: உங்களுக்கு யார் சொன்னது?

அக்கா: எதிர்வீட்டுக்காரர் வெள்ளிக்கிழமைதோறும் புத்தகம் மாற்ற வருவார்.

தம்பி: ... சரி, இதைத் திரும்பக் கொடுங்கள். அக்கா, ஒரே ஒரு விஷயம்.

அக்கா: என்ன?

தம்பி: அந்தப் பெண்டாட்டி திரும்பி வருவாளா?

அக்கா: பார்த்தாயா, ஜன்னல் புத்தி! எடுத்துக்கொண்டு கிளம்பு.