கறுப்புக் கோட்டில் ஒரு வெள்ளைக் கோடு

அயர்லாந்துக் கிராமத்துத் திருமணங்களைப் பற்றி இங்கே யாராவது எழுதினால் இரு கைகள் ஓர் இதயத்தை ஏந்தும் கிளாடா மோதிரமும் பிடில் இசையும் தவறாமல் வந்துவிடுகின்றன. சுண்ணக்கட்டியைப் பற்றி ஒருவரும் எழுதுவதில்லை.

சாம்பல் புதனன்று தொடங்கி ஈஸ்டர் வரை நீளும் தவக்காலத்தில் அந்நாளில் கத்தோலிக்கத் திருச்சபை திருமணம் செய்துவைக்காது. எனவே அதற்கு முந்தைய வாரங்களில் கிராமங்களில் கல்யாணங்கள் குவியும். சாம்பல் புதனுக்கு முந்தைய செவ்வாய்தான் கடைசி நாள். அதற்குள் வரன் அமையாதவர்கள் தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று திருப்பலிக்குப் போகும்போது, பிள்ளைகள் பின்னாலேயே வந்து அவர்கள் அணிந்த கோட்டின் முதுகில் சுண்ணக்கட்டியால் கோடு இழுத்துவிட்டு ஓடுவார்கள். அந்த நாளுக்கே 'சுண்ணக்கட்டி ஞாயிறு' என்று பெயர். அவர் முழங்காலிட்டு வேண்டிக்கொண்டிருப்பார். முதுகில் கோடு இருப்பது அவரைத் தவிரப் பின்வரிசையில் எல்லோருக்கும் தெரியும். இதை வேடிக்கை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவர்கள் கல்யாணம் வேண்டாம் என்றா இருந்தார்கள்? 1840களின் பெரும்பஞ்சத்துக்குப் பிறகு நிலத்தைப் பாகம் பிரிப்பது அநேகமாக நின்றுபோனது. ஒரு மகனுக்கு நிலம். ஒரு மகளுக்குச் சீதனம். தரகர் பேச்சைத் தொடங்கியதும் பெண்ணின் தகப்பனார் மாப்பிள்ளை வீட்டு வயலில் நடந்து பார்ப்பார், மாடுகளை எண்ணுவார். மருமகள் கொண்டுவந்த பணம் பல வீடுகளில் அப்படியே மாப்பிள்ளையின் தங்கைக்குச் சீதனமாகப் போனது. மற்றப் பிள்ளைகள் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள், அல்லது அண்ணன் நிலத்தில் உழைத்தபடியே நரைத்தார்கள். மணமாகாதவன் ஐம்பது வயதிலும் ஊருக்குப் 'பையன்'தான். அவன் முதுகில்தான் அந்தக் கோடு.

ஆனால் அதே ஊர்களில் நான் நெஞ்சார நேசிக்கிற ஒரு வழக்கமும் இருந்தது. மேற்கு அயர்லாந்தின் மேயோ, கிளேர், லீட்ரிம் பக்கங்களில் கல்யாண இரவில் கதவு தட்டப்படும். வைக்கோலால் பின்னிய கூம்புத் தொப்பி முகத்தை மூட, உடம்பெல்லாம் வைக்கோல் சுற்றிய இளைஞர் கூட்டம் உள்ளே வரும். 'வைக்கோல் பையன்கள்'. அழைப்பு கிடையாது. யாரென்று காட்டிக்கொள்ளவும் மாட்டார்கள். அவர்களின் தலைவன் மணப்பெண்ணோடு ஆடுவான். வீட்டார் குடிக்கக் கொடுத்து உபசரிக்க வேண்டும். அவர்கள் வருவது தம்பதிக்கு நல்லது என்பது நம்பிக்கை. அழைப்பில்லாதவனும் முகம் வாடாமல் ஆடிவிட்டுப் போக அந்த வைக்கோல் இடம் கொடுத்தது.

இன்றும் சில கல்யாணங்களில் அவர்கள் வருகிறார்கள். இப்போது பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லி வரவழைக்கிறார்கள். அதுவும் நடக்கட்டும். எனக்கோ அந்தப் பழைய கதவுதட்டலின் மேல்தான் ஆசை: இன்னார் என்று தெரியாமலே எழுந்து போய்த் திறந்தார்களே, அதன் மேல்.