கருவி என்றால் அடி மட்டும் ஏன் எனக்கு?

பாம்புக்கடியிலிருந்து பிழைத்த பையனுக்கு ஞாயிற்றுக்கிழமை மேடையில் மரியாதை செய்தார்களே, அங்கே நடந்ததைப் பற்றி, அவனைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் நான் இரண்டு வரி போட்டதற்கு இத்தனை பேர் வந்து எனக்குப் பக்தி வகுப்பு எடுப்பீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. வீடியோவை எல்லோரும் பார்த்தாயிற்று, கதையைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. பையனுக்குச் சால்வை போட்டதில் எனக்கும் சந்தோஷம்தான், அவன் நடந்து வந்து மேடை ஏறியதைப் பார்த்துக் கண் கலங்கினேன். அப்புறம் அந்தப் பெரியவர் மைக்கைப் பிடித்து, "டாக்டர், நர்ஸ் எல்லாம் வெறும் கருவி, காப்பாத்துனது ஆத்தா" என்றாரே, அங்கேதான் சுருக்கென்றது. கூட்டமே கைதட்டியது. மூன்றாவது வரிசையில் இருந்த நானும் பழக்கதோஷத்தில் இரண்டு தட்டு தட்டிவிட்டேன். அதுதான் இன்னும் எரிகிறது.

கருவி. சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கருவி என்றால் கடைசிவரை கருவியாகவே வையுங்கள். பிழைத்தால் ஆத்தா, செத்தால் நர்ஸ் என்பது எந்த ஊர்க் கணக்கு?

நாலு வருஷம் முன்னால், அப்போது வேறு ஆஸ்பத்திரியில் இருந்தேன், விடியற்காலை ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தரையில் படுத்திருந்தவளைக் கட்டுவிரியன் கடித்திருக்கிறது. அது கடித்தால் பல சமயம் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது. வயிற்றுவலி என்று நினைத்து, மந்திரித்து, திருநீறு போட்டு, வரும்போது அவளால் இமையைத் தூக்க முடியவில்லை. போய்விட்டாள். அவள் அண்ணன் சலைன் ஸ்டாண்டைப் பிடுங்கி என் தோளில் இறக்கினார். அவருக்குப் பின்னால் சுவரில், மருத்துவமனையில் வன்முறை செய்தால் தண்டனை என்று 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின் போர்டு அழகாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நான் புகார் கொடுக்கவில்லை. அந்த அண்ணனிடம் யாரும் போய், "அந்தம்மா வெறும் கருவிப்பா, கேட்கறதுன்னா மேலே கேளு" என்று சொல்லவில்லையே?

இந்தப் பையன் விஷயத்துக்கு வருகிறேன். அடிவாரத்தில் தண்ணீர் பாய்ச்சப் போனவன், கண்ணாடி விரியன். அந்த விஷம் ரத்தத்தை உறைய விடாது. அதைப் பார்க்கப் பெரிய மிஷின் எல்லாம் இல்லை, சுத்தமான கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு ஒரே ஒரு தடவை சாய்ப்போம். உறைந்திருந்தால் நிற்கும், இல்லையென்றால் தண்ணீர் மாதிரி ஓடும். ஓடியது. பத்துக் குப்பி விஷமுறிவு மருந்து ஏற்றி, ஒவ்வாமை வந்தால் போட அட்ரினலின் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, ஆறு மணி நேரம் கழித்து மறுபடி குழாய், மறுபடி 20 நிமிடம். இந்தத் தடவை நின்றது. அந்த மருந்து எப்படி வருகிறது தெரியுமா? சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் பழங்குடிகள் 1978-லிருந்து சங்கம் வைத்துப் பாம்பு பிடித்து விஷம் எடுத்துக் கொடுக்கிறார்கள், அதைக் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து மருந்து எடுக்கிறார்கள். இருளர் கருவி, குதிரை கருவி, நான் கருவி. அப்படியானால் பாம்பு யாருடைய கருவி? அவனன்றி ஓரணுவும் அசையாது என்றால் அந்த விரியன் மட்டும் சொந்த முடிவில் அசைந்ததா? இந்தக் கேள்விக்கு உங்கள் 140 கமெண்டில் ஒருவர்கூடப் பதில் சொல்லவில்லை, "கர்மா" என்று ஒருவர் போட்டிருக்கிறார். அந்தப் பையனுக்குப் பதினாலு வயது.

"உனக்கு நம்ம சாமிதான் இளக்காரமா?" ஐயா, வார்டில் தாயத்தும் பார்த்திருக்கிறேன், ஜெப எண்ணெயும் பார்த்திருக்கிறேன். எல்லா மதத்திலும் நன்றி மேலே போகிறது, திட்டு கீழே வருகிறது.

"சம்பளம் வாங்கறீங்கல்ல?" வாங்குகிறேன். பூசாரியும் வாங்குகிறார்.

"நன்றியை எதிர்பார்த்தா சேவை செய்யறது?" ஆமாம், எதிர்பார்க்கிறேன். இருபத்திரண்டு வருஷ நைட் டியூட்டிக்கு ஒரு வார்த்தை எதிர்பார்க்கிறேன், அதில் என்ன கேவலம்?

இன்னொரு பக்கம், "நம்ம பக்கம் வந்துட்டீங்கம்மா" என்று இன்பாக்ஸில் வந்த கருப்புச் சட்டை அண்ணன்களுக்கும் ஒரு வார்த்தை. வரவில்லை. 1944-இல் நீதிக்கட்சி திராவிடர் கழகம் ஆனது நம்ம சேலத்தில்தான், அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் குகை மாரியம்மன் கோயில் வண்டி வேடிக்கை, அதான் சாமி வேஷம் போட்டு அலங்கார வண்டியில் வருவார்களே, அதைப் பார்க்காமல் எனக்கு ஆடி முடியாது. என் சண்டை ஆத்தாவோடு இல்லை. அவள் பெரியவளாக இருப்பதற்கு என் பங்கைப் பிடுங்கிக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று நினைக்கிறீர்களே, அது அவளுக்குத்தான் அவமானம்.

ஒன்பதாவது படிக்கும்போது எனக்கு டைபாய்டு. அம்மா கோட்டை மாரியம்மனுக்கு உருளுதண்டம் போட்டாள், ஈரச் சேலையோடு தரையில் உருண்டு, முழங்கைத் தோல் உரிய. அந்த ஆடி ஒண்ணாம் தேதி தேங்காய் சுட்டபோது, உள்ளே வெல்லமும் எள்ளும் பொட்டுக்கடலையும் போட்டுச் சுட்ட முதல் தேங்காயைத் துணியில் சுற்றி, எனக்கு ஊசி போட்ட நர்ஸம்மா வீட்டுக்கு நடந்துபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். சாமிக் கடனையும் மனுஷிக் கடனையும் ஒன்றில் ஒன்று கழிக்கக் கூடாது என்று அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

பண்டிகைக்கு ஊரெல்லாம் லீவு, எனக்கு அன்றைக்கும் நைட்.

அந்தப் பெரியவர் எங்கள் தெருதான். சர்க்கரைக்குத் தினமும் காலையில் ஊசி போட்டுக்கொள்ள எங்கள் வீட்டுக்குத்தான் வருவார், காசு வாங்குவதில்லை. திங்கட்கிழமையும் வந்தார், ஒன்றும் பேசவில்லை, சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினார். போட்டேன். நாளைக்கும் வருவார்.