ராஜகிரி ஏறாமல் திரும்பாதீர்கள்

செஞ்சிக் கோட்டையைச் சுற்றிப் பார்க்க ஒரு மணி நேரம் போதும் என்று ஒரு பயணக் கட்டுரையில் படித்தேன். அடிவாரத்தில் இருக்கும் கல்யாண மகாலோடு திரும்பினால் அது சரி. ஆனால் கோட்டையின் உயரமான மலையான ராஜகிரியின் உச்சிக்கு அரை நாளாவது வேண்டும்.

போன மாதம் நண்பனோடு போனேன். சுமார் 800 அடி உயரம், வெயிலில் பாறை கொதிக்கிறது. உச்சிக்குச் சற்று முன்னால் மலையே பிளந்த மாதிரி ஒரு பள்ளம், அதன்மேல் சின்னப் பாலம். அந்தப் பாலத்தை எடுத்துவிட்டால் எந்தப் படையும் மேலே வர முடியாது. சிவாஜியின் மகனான மராத்திய மன்னர் ராஜாராம் இங்கிருந்தபோது முகலாயப் படை 1690 தொடங்கி ஏழெட்டு வருடம் முற்றுகையிட்டும் கோட்டை 1698இல்தான் விழுந்தது. காரணம் அங்கே நின்றபோதுதான் எங்களுக்குப் புரிந்தது. மேலே ரங்கநாதர் கோயில் வாசலில் வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம்.

தண்ணீர் நிறைய எடுத்துப் போங்கள். தின்பண்டம் கையில் வேண்டாம், குரங்குகள் விடாது. அப்புறம், 2025இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம் இது, சுவரில் பெயர் கிறுக்காதீர்கள்.