உளவியல் படிக்கப் போகிறவர்களுக்கு: அந்த லேப் பாடத்திலிருந்து தப்பிக்கப் பார்க்காதீர்கள்

ஏ.எல். முடித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குக் காத்திருக்கும் தம்பி தங்கச்சிமார் சிலர் இன்பாக்ஸில் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விதான். உளவியல் படிக்க ஆசை, பிறகு ஹட்டன் பக்கமோ நுவரெலியா பக்கமோ உளவளத்துணையாளராக வேலை செய்ய ஆசை, ஆனால் நடுவில் பரிசோதனை முறைகள் என்று ஒரு லேப் பாடம் வருமாமே, புள்ளிவிபரம் எல்லாம் இருக்குமாமே, அதைத் தவிர்க்க வழி இருக்கிறதா?

வழி இருந்தாலும் தவிர்க்காதீர்கள் என்பதுதான் என் பதில். ஃப்ராய்ட், பியாஜே போன்ற உளவியல் முன்னோடிகளை வீட்டில் உட்கார்ந்து புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம். யூடியூபில் கூட இருக்கிறது. ஒரு கேள்வியை எடுத்து, அதைப் பரிசோதனையாக மாற்றி, நாலு பேரை உட்கார வைத்து அளந்து, வந்த விடைக்கு வேறு என்ன காரணம் இருக்கலாம் என்று தலையைப் பிய்த்துக்கொள்வது மட்டும் அப்படித் தனியாக வராது. அதற்கு லேப் வேண்டும், கூட நாலு பேர் வேண்டும், "இது சரியில்லையே" என்று திருப்பிக் கேட்கும் ஒரு விரிவுரையாளர் வேண்டும்.

மலையகத்துப் பிள்ளைகளுக்கு இது கூடுதலாகவே வேண்டும். நம்மைப் பற்றி எத்தனை பேர் எத்தனை விதமாக முடிவு சொல்லியிருக்கிறார்கள் பாருங்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஞாபக சக்தி குறைவு, கவனம் நிற்காது, கணக்கு ஏறாது. பயிற்சிப் பட்டறைக்கு வருகிறவர் சொல்வார், டவுன் ஸ்கூல் வாத்தியார் சொல்வார், சில நேரம் லயத்தில் பிறந்து வளர்ந்த நம் ஆளே சொல்வார். கையில் ஒரு டெஸ்ட் ரிசல்ட்டும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அந்த இடத்தில் கோபப்படுவது சுலபம், நியாயமும்கூட. ஆனால் கோபம் அந்த ரிசல்ட்டை ஒன்றும் செய்யாது. எந்த மொழியில் சோதித்தீர்கள், யார் சோதித்தது, யாரோடு ஒப்பிட்டீர்கள், அந்த இரண்டு குழுவுக்கும் இடையில் வேறு என்னென்ன வித்தியாசம் இருந்தது என்று கேட்கத் தெரிந்தால்தான் அது ஆட்டம் காணும்.

லேப்பில் கட்டாயம் செய்ய வைக்கும் ஒன்றையே எடுத்துக்கொள்வோம், எண் ஞாபகச் சோதனை. ஒரு செக்கனுக்கு ஒன்று என்ற கணக்கில் எண்களை ஒரே தொனியில் வாசிப்பார்கள், நீங்கள் அதே வரிசையில் திருப்பிச் சொல்ல வேண்டும். மூன்று எண், நாலு எண், ஐந்து எண் என்று கூட்டிக்கொண்டே போய் எங்கே தடுமாறுகிறீர்களோ அதுதான் உங்கள் அளவு. ஒருவரால் ஒரே நேரத்தில் ஞாபகத்தில் வைக்கக்கூடியது ஏழு, கூடக்குறைய இரண்டு என்று 1956இல் ஜார்ஜ் மில்லர் என்ற உளவியலாளர் எழுதிய கணக்கு இதோடு சேர்ந்து எல்லாப் பாடப்புத்தகத்திலும் வரும். நுண்ணறிவுச் சோதனைகளுக்குள்ளும் இது ஒரு பகுதியாக இருக்கிறது, அதனால் இதில் குறைந்தால் மொத்தப் புள்ளியும் கொஞ்சம் குறையும்.

வேல்ஸில் வெல்ஷ் மொழியில் இந்தச் சோதனையைச் செய்த பிள்ளைகளின் புள்ளி அமெரிக்க அளவுகோலைவிடக் குறைவாக வந்தது. நம் ஊராக இருந்தால் அதோடு கதை முடிந்திருக்கும், பிள்ளைகளுக்கு ஞாபகம் குறைவு என்று எழுதி ஃபைலை மூடியிருப்பார்கள். எல்லிஸ், ஹென்னெலி என்ற இருவர் வேறொரு பக்கமாக யோசித்தார்கள். மனதுக்குள் நாம் பிடித்து வைத்துக்கொள்வது ஏறக்குறைய இரண்டு செக்கனில் சொல்லி முடிக்கக்கூடிய அளவுதான் என்று பேட்லி என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் 1975இலேயே காட்டியிருந்தார்கள். அப்படியானால் எண்களைச் சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பார்க்க வேண்டாமா? இரண்டு மொழியும் தெரிந்தவர்களையே எடுத்து அளந்தார்கள். வெல்ஷ் எண்களைச் சொல்ல ஆங்கில எண்களைவிடக் கூடுதல் நேரம் எடுத்தது, அதே ஆட்களுக்கு ஆங்கிலத்தில் ஞாபக அளவும் கூடுதலாக இருந்தது. 1980இல் வந்த ஆய்வு இது. ஆளும் மூளையும் ஒன்று, மாறியது மொழி மட்டும். பிள்ளைகள்மேல் போட்ட பழி எங்கே போய் நின்றது பாருங்கள்.

இப்போது தமிழுக்கு வாருங்கள். ஆங்கிலத்தில் ஒன்றிலிருந்து ஒன்பது வரை செவனைத் தவிர எல்லாம் ஒரே அசையில் (சிலபல்) முடிந்துவிடும். நம்முடையதில் மூன்று, நான்கு, ஐந்து என்று எதை எடுத்தாலும் குறைந்தது இரண்டு அசை, ஒன்பதுக்கு மூன்று. சிங்களத்திலும் ஹதர, நமய என்று கொஞ்சம் நீளம்தான். கண்டியிலோ பதுளையிலோ மூன்று மொழியும் சரளமாகப் பேசும் மாணவர்கள் எத்தனை பேர்! இதைவிட நல்ல லேப் கேள்வி எங்கே கிடைக்கும்?

ஆனால் செய்ய உட்காரும்போதுதான் விளையாட்டுத் தெரியும். எல்லோருக்கும் முதலில் தமிழ், பிறகு ஆங்கிலம் என்று கொடுத்தால் இரண்டாவதில் பழக்கம் கூடியிருக்கும், அல்லது களைத்துப்போயிருப்பார்கள். அதனால் பாதிப் பேருக்கு வரிசையை மாற்ற வேண்டும், யாருக்கு எந்த வரிசை என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் தீர்மானிக்க வேண்டும், உங்கள் இஷ்டத்துக்கு அல்ல. வாசிக்கும் குரல் மாறினால் அது ஒரு காரணம், அதனால் ஒருவரே வாசித்து ஒலிப்பதிவு செய்ய வேண்டும். தோட்டப் பாடசாலையில் செய்தால் மழை வேறு இருக்கிறது, தகரக் கூரைக்குக் கீழே ஜூலை மாதத்தில் யாருக்கு என்ன கேட்கும்? அப்புறம் இன்னொன்று, எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்: நம் ஆட்களில் நிறையப் பேர் வீட்டில் தமிழ்தான் பேசுவார்கள், ஆனால் போன் நம்பர் கேட்டால் ஆங்கிலத்தில்தான் சொல்வார்கள். அப்படியானால் ஆங்கிலத்தில் கூடுதலாக வந்தால் அது எண் குட்டையாக இருப்பதாலா, பழகியதாலா? இரண்டையும் எப்படிப் பிரிப்பது? ஒரு வழி, எண்களைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே வாயால் "லலலலா" என்று சொல்லிக்கொண்டே இருக்கச் சொல்வது. மனதுக்குள் சொல்லிப் பார்ப்பதை அது தடுத்துவிடும். நீளம்தான் காரணம் என்றால் அப்போது மொழிகளுக்கு இடையிலான வித்தியாசம் சுருங்க வேண்டும். சுருங்காவிட்டால் வேறு ஏதோ இருக்கிறது. இப்படி ஒரு மத்தியானம் முழுக்கச் சண்டை பிடித்தால் போதும், சாரா மாறி (நாம் மாற்றுவது), சார்ந்த மாறி (நாம் அளப்பது) என்று நோட்ஸில் எழுதிப் பாடமாக்க வேண்டிய தேவையே வராது.

எழுமாற்று முறை, அதாவது மேலே சொன்ன சீட்டுக் குலுக்கல், என்றதும் பயப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி. இது நமக்கு அந்நியமான சாமான் இல்லை, தேயிலை ஆராய்ச்சியோடு சேர்ந்தே வந்தது. இந்த முறையை ஒழுங்குபடுத்திய ரொனால்ட் ஃபிஷர் இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்தவர். பரிசோதனைகளைத் திட்டமிடுவது பற்றி 1935இல் வந்த அவருடைய புத்தகத்தில் வரும் முதல் பரிசோதனையே பால்டீதான்: முதலில் பாலை ஊற்றினார்களா டீயை ஊற்றினார்களா என்று குடித்துப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்கிறார் ஒரு பெண்மணி. எட்டுக் கப், நாலு இப்படி, நாலு அப்படி, குலுக்கி வைத்துக் கொடுக்கிறார்கள். நாலைப் பிரித்தெடுக்க 70 வழி உண்டு, ஆகவே குருட்டு யோசனையில் எல்லாம் சரியாக வர 70இல் ஒரு வாய்ப்புத்தான். ஆனால் நாலில் மூன்றாவது சரியாகச் சொல்ல 70இல் 17 வாய்ப்பு, அதாவது கிட்டத்தட்ட நாலில் ஒன்று. "மூணு சரியாச் சொல்லிட்டாங்களே!" என்று நாம் வாயைப் பிளக்கும் இடத்தில் ஃபிஷர் வாயைத் திறக்க மாட்டார்.

அதே ஃபிஷரோடு சேர்ந்து 1927இல் கட்டுரை எழுதிய டி. ஈடன் என்பவர் பிறகு இங்கே இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தார், இப்போது தலவாக்கலை செயின்ட் கூம்ஸில் இருக்கிறதே, அதேதான். தேயிலை விளைச்சல் பரிசோதனைகளில் பிழை எங்கிருந்து வருகிறது என்று 1931இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒரே மலையில் மேட்டில் இருக்கும் செடியும் பள்ளத்தில் இருக்கும் செடியும் ஒன்றா? நல்ல மண் உள்ள துண்டுக்கு உரத்தைப் போட்டுவிட்டு உரம் வேலை செய்தது என்று சொன்னால் எந்தக் கங்காணியும் சிரிப்பார். டவுன் பிள்ளைகளையும் தோட்டத்துப் பிள்ளைகளையும் அப்படியே எடுத்து ஒப்பிடும்போது மட்டும் ஏன் யாருக்கும் சிரிப்பு வருவதில்லை?

சரி, பாடம் நல்லது, நடத்தும் விதம் எல்லா இடத்திலும் நல்லதா என்றால் இல்லை. நான் பார்த்த ஒரு வகுப்பில் லேப் என்பது ரெக்கோர்ட் புத்தகத்தில் முடிந்துபோனது. நோக்கம், உபகரணம், செய்முறை, அட்டவணை, கலந்துரையாடல். 1935இல் ஸ்ட்ரூப் செய்தாரே, நீல மையில் "சிவப்பு" என்று எழுதியிருப்பதன் மையின் நிறத்தைச் சொல்லச் சொல்வது, சொல்லும் நிறமும் பொருந்தாதபோது கூடுதல் நேரம் எடுக்கும் என்பது எதிர்பார்ப்பு, அந்த வித்தியாசம் வராவிட்டால் புள்ளி குறையும். பிள்ளைகள் என்ன செய்வார்கள்? சீனியரின் புத்தகத்தை வாங்கி நேரத்தைக் கொஞ்சம் அப்படி இப்படி மாற்றி எழுதுவார்கள். பரிசோதனையைக் கற்றுக்கொடுக்கிறோம் என்ற பேரில் தரவைச் சமைக்கக் கற்றுக்கொடுப்பது இதுதான். 2015இல் பெரியதொரு ஆய்வாளர் கூட்டம் ஏற்கெனவே வெளியான 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது, நூற்றுக்கு 36 அளவில்தான் புள்ளிவிபர ரீதியில் பொருட்படுத்தத்தக்க முடிவு மறுபடி வந்தது. எதிர்பார்த்தது வராதது உலகத்தில் சாதாரணம். அதை மறைக்காமல் எழுதியதற்குத்தான் புள்ளி போட வேண்டும், அப்படிப் போடாத லேப்பை நடத்துவதைவிட மூடிவிடலாம்.

இன்னொரு விஷயம் இங்கே வேலை செய்யப் போகிறவர்களுக்கு. 1962இல் மார்ட்டின் ஓர்ன் என்ற ஆய்வாளர் எழுதியதைத் தேடிப் படியுங்கள். ஒருவரிடம் 2,000 தாள் நிறையக் கூட்டல் கணக்கைக் கொடுத்துவிட்டுப் போனாராம், எப்போது அலுத்து எழும்புவார் என்று பார்க்க. ஐந்தரை மணி நேரத்துக்குப் பிறகு கைவிட்டவர் பரிசோதகர்தான். ஆய்வு என்று சொல்லிவிட்டால் மனிதர்கள் என்ன வேண்டுமானாலும் செய்வார்கள், நீங்கள் எதிர்பார்ப்பதை ஊகித்து அதையே தரவும் பார்ப்பார்கள். லயத்துக்கு ஃபைலோடு போனால் இது இரண்டு மடங்கு. வீட்டுத் திட்டத்துக்குப் பதிகிறார்களோ, துரை அனுப்பினாரோ என்று நினைத்துக்கொண்டே உட்காருவார்கள். "நல்லதாப் பார்த்து நீங்களே எழுதிக்குங்க புள்ள" என்று ஒரு அம்மா சொன்னால் அது ஒப்புதல் ஆகாது, பதிலும் ஆகாது. அவருக்கு வேண்டாம் என்று சொல்லத் தெரிய வேண்டும், சொன்னால் ஒன்றும் ஆகாது என்றும் தெரிய வேண்டும். ஒப்புதல் படிவத்தில் கைநாட்டு வாங்குவதோடு இது முடிவதில்லை.

கணக்குப் பயம் பற்றிக் கேட்டவர்களுக்கு: சராசரி, நியம விலகல் (புள்ளிகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பது), இரண்டு சராசரிகளை ஒப்பிடும் ஒரு சோதனை, முதல் வருஷத்துக்கு இவ்வளவு போதும். ஜாஸ்ப் (JASP) என்ற புள்ளிவிபர மென்பொருள் இலவசம், லேப்டாப்பில் போட்டுக்கொள்ளலாம். லேப்டாப் இல்லையென்றால் 30 சென்டிமீட்டர் அடிமட்டம் ஒன்று போதும். ஒருவர் மேலே பிடித்துச் சொல்லாமல் விட, மற்றவர் பூச்சியம் இருக்கும் இடத்தில் விரலை விரித்து வைத்துக்கொண்டு பிடிக்க வேண்டும். 20 சென்டிமீட்டரில் பிடித்தால் எதிர்வினை நேரம் ஏறக்குறைய 0.20 செக்கன், 15 என்றால் 0.175. பிளேன்டீ குடிப்பதற்கு முன்னும் பின்னும் செய்து பாருங்கள். செய்துவிட்டு, குறைந்தது பிளேன்டீயாலா அல்லது இரண்டாவது தடவை கை பழகியதாலா என்று எனக்கு எழுதுங்கள். பாதிப் பேருக்கு வெறும் சுடுதண்ணி கொடுத்தீர்களா என்று நான் கட்டாயம் கேட்பேன்.