உம்மாவை உம்மா என்றே எழுதட்டும்

போன வாரம் தங்கை மகள் ஒரு நோட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். பதினோராம் வகுப்பு படிக்கிறாள். பென்சிலால் எழுதிய சிறுகதை. நோன்பு மாதத்தில் ஒரு வீட்டில் பாட்டி இறந்துபோகிறார், அதுதான் கதை. நன்றாகவே எழுதியிருந்தாள். ஆனாலும் ஏதோ நெருடியது. கதையில் வரும் பெண் 'அம்மா' என்று கூப்பிடுகிறாள். எல்லோரும் 'அதிகாலை உணவு' உண்கிறார்கள். பாட்டி 'காலமானார்'.

எங்கள் வீட்டில் அது உம்மா. அது சஹர். அது மவுத்து. ஏம்மா மாத்திட்டே என்று கேட்டேன்.

"கட்டுரையில வாப்பான்னு எழுதினேன் மாமா. டீச்சர் சிவப்பு மையில சுழிச்சு 'தந்தை'ன்னு போட்டுட்டாங்க. அதான்."

அந்தச் சுழியை நினைக்க நினைக்க எனக்கு ஆறவில்லை. பெற்றவரைக் கூப்பிடும் சொல்லே பிழை என்று பிள்ளை மனதில் பதிந்துவிட்டால், அப்புறம் அது எதைத்தான் தைரியமாக எழுதும்?

வாப்பாவும் தமிழ்தான். பதினேழாம் நூற்றாண்டில் சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர் தீன், கலிமா என்ற அரபுச் சொற்களை விருத்தத்துக்குள் கூச்சமில்லாமல் வைத்தார். தொப்பில் முகமது மீரான் பள்ளியில் படித்தது மலையாளம். தேங்காய்ப்பட்டணத்துக் கடற்கரைப் பேச்சைத்தான் நாவலாக்கினார். 1997இல் சாகித்திய அகாதெமி விருது வந்தது. ஊர்ப் பேச்சு எந்த வாசகரையும் விரட்டவில்லை.

பெண் பிள்ளைகளுக்கு வீட்டுக்குள்ளும் ஒரு சிவப்பு மை இருக்கிறது. 'குமருக்கு எதுக்கு எழுத்து', 'நம்ம வீட்டு விசயத்தை வெளியில சொல்லலாமா.' இதை நம் சமுதாயம் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். நாகூரில் இருந்துகொண்டு சித்தி ஜுனைதா பேகம் 1938லேயே நாவல் வெளியிட்டார். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றுபோன துவரங்குறிச்சி சல்மா, வீட்டுக்குள் ஒளித்து ஒளித்துக் கவிதை எழுதினார். இன்னும் எத்தனை பேர் ஒளிக்க வேண்டும்?

இளைஞர்களை மேடைக்குக் கூப்பிடுகிறவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். ரம்ஜானுக்கு ஒரு நல்லிணக்கக் கவிதை, கலவரம் நடந்தால் ஒரு கண்டனக் கவிதை என்று மட்டும் கேட்காதீர்கள். அவர்களுக்கும் காதல் இருக்கிறது, வேலை கிடைக்காத கோபம் இருக்கிறது, வளைகுடாவில் இருக்கும் வாப்பாவோடு வீடியோ காலில் என்ன பேசுவதென்று தெரியாத தவிப்பு இருக்கிறது. அதையும் கேளுங்கள்.

சரி, கதைக்கு வருகிறேன். வீட்டில் பேசுகிற மாதிரியே எழுது, அடிக்குறிப்பு கூட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். நேற்றுத் திரும்பக் கொண்டுவந்தாள். முதலில் இல்லாத ஒருவர் இப்போது கதைக்குள் வந்திருக்கிறார். சஹருக்கு எழுப்ப வரும் பக்கீர் பாவா. தெருவெல்லாம் தப்ஸ் கொட்டிப் பாடிக்கொண்டே வருகிறவர், மையத்து இருக்கும் வீடு என்று தெரிந்ததும் பாட்டை நிறுத்துகிறார். தப்ஸைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, செருப்பையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, அந்த வாசலைச் சத்தமில்லாமல் கடந்துபோகிறார்.