ஜீப்பில் ஆயில் ஒழுகினால் சீல் மட்டும் மாற்றினால் போதுமா?

"ஜீப்புன்னா ஒழுகத்தான் செய்யும் அண்ணாச்சி. ஒழுகலைன்னாத்தான் உள்ள ஆயில் இல்லைன்னு பயப்படணும்." இந்தப் பேச்சை இன்னொரு ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் அங்கேயே சத்தம் போட்டுவிடுவேன். குலசேகரத்தில் கேட்டாச்சு, மார்த்தாண்டத்தில் கேட்டாச்சு, நாகர்கோவிலிலும் கேட்டாச்சு. சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு வேறு. இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

என்னுடையது பழைய மஹிந்திரா எம்எம் 540 ஜீப், ஃபோர் வீல் டிரைவ். பேச்சிப்பாறைக்கு மேலே ரப்பர் தோட்டத்துக்குப் போய்வர வேறு வண்டி தோதுப்படாது. பால்வெட்டுகிறவர்கள், ஷீட் கட்டு, ஒட்டுப்பால் மூட்டை எல்லாம் அதில்தான் இறங்கும். பின் சக்கரங்களுக்கு ஓட்டத்தைப் பிரித்துக் கொடுக்கிற பல்சக்கரப் பெட்டிதான் டிஃபரன்ஷியல். அதில், இன்ஜின் பக்கமிருந்து புரொப்பல்லர் ஷாஃப்ட் வந்து சேருகிற இடத்தில், ஆயிலை அடைத்து நிற்கிற வளையமான பினியன் சீல் ஒழுகுகிறது. மாற்றித் தருகிறார்கள். கொஞ்ச நாள் காய்ந்து கிடக்கும். அப்புறம் ஹவுசிங்குக்கு அடியில் மறுபடி கருப்பாக ஈரம், அதில் செம்மண் அப்பிக்கொண்டு. மறுபடி போனால் மறுபடி சீல், மறுபடி கூலி. ஏன் ஒழுகுகிறது என்று ஒருத்தராவது பார்க்க வேண்டாமா?

சீலின் உள்விளிம்பு, ஷாஃப்டைப் பினியனோடு இணைக்கிற ஃபிளாஞ்சின் கழுத்தைச் சுற்றிப் பிடித்திருக்கும். வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் உரசி உரசி, கிணற்றுக் கயிறு கல்லில் போட்ட தடம் மாதிரி இரும்பிலேயே வரி விழுந்துவிடும். நகத்தை வைத்து இழுத்தால் தட்டும். அதன் மேல் எத்தனை புதுச் சீல் போட்டாலும் ஆயில் நிற்காது. ஃபிளாஞ்சை மாற்ற வேண்டும், இல்லையென்றால் அந்த வரியை மூடி மெல்லிசாக ஒரு ஸ்லீவ், அதாவது உறை, ஏற்ற வேண்டும். ஷாஃப்டைக் கழற்றியதும் ஃபிளாஞ்சைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? பினியன் பேரிங்கில் ஆட்டம் இருந்தால் புதுச் சீலும் ஒரு பக்கமாகத் தேயத்தான் செய்யும். மாட்டுகிற லட்சணமோ, சுத்தியலால் இந்த ஓரத்தில் ஓர் அடி, அந்த ஓரத்தில் ஓர் அடி. சீல் கோணிக்கொள்ளும், உள்ளே இருக்கிற வளைய ஸ்பிரிங் கழன்றுபோகும். அளவான பைப் துண்டை வைத்து நேராக இறக்கினால் போதும். அதற்குக்கூடப் பொறுமை இல்லை.

இதையெல்லாம்விட வயிறெரிவது பிரீதரை நினைத்துத்தான். காற்று போய்வருகிற சின்னத் துளை அது, ஆக்சிலின் மேல்பக்கம் இருக்கும். ஓட ஓட ஆயில் சூடேறி உள்ளே காற்று விரியும், அது வெளியேற வேறு வழி கிடையாது. நம் மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமும் பெய்யும், வடகிழக்கும் பெய்யும். தோட்டத்து ரோடு எப்போதும் சேறுதான். பிரீதர் அடைத்தால் அழுத்தம் சீலைத்தானே தள்ளும்? கடைசியில் நானே கழற்றிப் பார்த்தேன். செம்மண் இறுகிக் கிடந்தது, கம்பியை விட்டுக் குத்தித்தான் எடுக்க முடிந்தது. இத்தனை பேர் கை வைத்த வண்டி, ஒருத்தர் கண்ணிலும் அது படவில்லை!

அடைத்த பிரீதரோடு ஓடையில் இறங்கினால் இன்னும் கேடு. சூடான ஆக்சில் சட்டென்று குளிரும்போது உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கும். உள்ளே இருக்கிற 90 நம்பர் கியர் ஆயில் வெளுத்துப் பால்நிறமாகும். பிறகு பேரிங்கும் போகும், கிரவுன், பினியன் பல்சக்கரங்களும் போகும். அந்தச் செலவை யார் தருவார்கள்?

"ஒழுகினா ஊத்திக்கிடுங்க" என்கிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. அதே அழுத்தம் ஆக்சில் முனை சீலையும் தள்ளினால் ஆயில் நேராக பிரேக் டிரம்முக்குள் போகும். லைனிங் ஊறிவிட்டால் அந்தப் பக்கம் பிரேக் பிடிக்காது. மழையில், வளைவில், பின்னால் ஆட்களை உட்காரவைத்துக்கொண்டு மலை இறங்குகிறவனிடம் சொல்கிற பேச்சா இது? அந்த ஆட்களுக்கு வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கூலி எவ்வளவு கேட்டாலும் தருகிறேன், பேரம் பேச மாட்டேன். சீலைக் கழற்றியதும் என்னைக் கூப்பிடுங்கள். ஃபிளாஞ்சின் கழுத்தைத் துடைத்துக் காட்டுங்கள், பேரிங்கை அசைத்துக் காட்டுங்கள், பிரீதரை ஊதிக் காட்டுங்கள். அதற்கு நேரமில்லை என்றால் புதுச் சீல் பாக்கெட்டைப் பிரிக்கவே வேண்டாம், வண்டியை நான் எடுத்துக்கொண்டு போகிறேன்.