காற்று நகரத்துக் கணக்கு, தூரம் கிராமத்துக் கணக்கு

கொரோனாவைப் பெருந்தொற்று என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 2020 மார்ச் 11 அன்று. அதன்பின் வந்த வழிகாட்டுதல்களில் பல பெரிய மருத்துவமனைக்கு எழுதியவை. ஒரு டாக்டர், ஒரு நர்ஸ் என்று ஓடும் கிளினிக்குக்கும் அதையே நீட்டினார்கள். என் கட்சி இதுதான்: நகரத்துக் கிளினிக் முதலில் பார்க்க வேண்டியது காற்றை, கிராமத்துக் கிளினிக் பார்க்க வேண்டியது தூரத்தை.

நகரத்தில் கிளினிக் என்றால் பெரும்பாலும் ஜன்னலைச் சாத்திவிட்டு ஏசி ஓடும் அறை. ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவராது, உள்ளே இருப்பதையே குளிர்வித்துச் சுற்றவிடும். அறைக்காற்று முழுதும் மணிக்கு 2 முறை மட்டும் மாறும் இடத்தில், இருமிவிட்டுப் போனவர் விட்ட நுண்துளிகளில் 99 சதவீதம் வெளியேற 138 நிமிடம் ஆகும். 6 முறை மாறினால் 46 நிமிடம், 12 முறை என்றால் 23. பத்து நிமிடத்துக்கு ஒருவரைப் பார்க்கும் ஓபியில் இதை யோசித்துப் பாருங்கள். மேசையை மணிக்கொரு தரம் துடைப்பதில் காட்டிய அக்கறையில் கால்வாசியை எக்ஸாஸ்ட் ஃபேனில் காட்டியிருக்கலாம். நீளம், அகலம், உயரம் மூன்றும் 3 மீட்டர் என்றால் அறை 27 கன மீட்டர். 12 முறை மாற, மணிக்கு 324 கன மீட்டர் இழுக்கும் ஃபேன் போதும். அதை நோயாளி உட்காரும் பக்கம் பொருத்த வேண்டும், டாக்டரின் முதுகுப் பக்கத்திலிருந்து காற்று வர வேண்டும். மாற்றிப் பொருத்தினால் இருமல் காற்று டாக்டர் முகத்தைத் தாண்டித்தான் வெளியே போகும்.

கிராமத்தில் இந்தத் தலைவலி குறைவு. திண்ணையிலோ மரத்தடியிலோ ஓபியைப் போட்டுவிடலாம். அங்கே சிக்கல், மோசமானவரை எப்போது அனுப்புவது என்பதில். பெரிய ஆஸ்பத்திரி அரை மணி தூரம் என்றால், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 94 சதவீதத்தில் இருப்பவரைக் கவனித்துக்கொண்டு காத்திருக்கலாம். நான்கு மணி நேரம் என்றால் கதை வேறு. உட்கார்ந்திருக்கும்போது 95, ஆறு நிமிடம் நடக்கவிட்டதும் 91 என்றால் அப்போதே வண்டிக்குச் சொல்லிவிட வேண்டும். (உட்கார்ந்த நிலையிலேயே 94-க்குக் கீழே இருப்பவரை நடக்கவிடக் கூடாது.) விரல் சில்லிட்டிருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ ஆக்சிமீட்டரை (விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் கருவி) நம்ப முடியாது. கறுத்த தோலில் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டவும் செய்யும். அதனால் மூச்சை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது ஏமாற்றும்.

வண்டியில் ஏற்றும்முன் சிலிண்டர் கணக்கு. சிலிண்டரின் நீர்க் கொள்ளளவை (அதில் எத்தனை லிட்டர் தண்ணீர் பிடிக்கும் என்பதை) மீட்டர் பார் என்ற அலகில் காட்டும் அழுத்தத்தால் பெருக்கினால், மிச்சமுள்ள ஆக்சிஜன் லிட்டரில் வரும். 10 லிட்டர் சிலிண்டர், மீட்டரில் 150 பார் என்றால் 1500 லிட்டர். நிமிடத்துக்கு 5 லிட்டர் விட்டால் 5 மணி நேரம், 10 லிட்டர் விட்டால் இரண்டரை மணி நேரம்தான். வழியில் மூச்சு மோசமானால் ஃப்ளோவைக் கூட்ட வேண்டியிருக்கும் என்பதால் பயணத்துக்குத் தேவையானதைப்போல் ஒன்றரை மடங்காவது கையில் இருக்க வேண்டும். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டரை வாங்கி வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கரண்ட் போனால் அது வெறும் பெட்டி.

தூரத்துக்கு அனுப்பத் தயங்கி, காய்ச்சல் வந்த இரண்டாம் நாளே ஸ்டீராய்டு கொடுத்தவர்கள் உண்டு. நகரத்திலும் இது நடந்தது, காரணம்தான் வேறு. 2020 ஜூனில் பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு சொன்னது தெளிவானது: தினம் 6 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, அதிகபட்சம் 10 நாள், பலன் ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களுக்கு மட்டும். மற்றவர்களுக்குப் பலன் இல்லை. சீக்கிரமே கொடுத்த ஸ்டீராய்டு காய்ச்சல் அடங்கியதுபோல் காட்டும், சர்க்கரையை ஏற்றும், மோசமாகிறார் என்பது தெரியவரும்போது கிளம்பவேண்டிய நேரம் தாண்டியிருக்கும்.

ஆள் விஷயம் சுருக்கமாக. ஒருவரையொருவர் பார்க்காத இரண்டு குழுவாகப் பிரிந்து வேலை செய்யுங்கள் என்றது சுற்றறிக்கை. மொத்தமே மூன்று பேர் இருக்கும் இடத்தில் எதைப் பிரிப்பது? அங்கே செய்யக்கூடியது, மூவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்துவது. முகக்கவசத்தைக் கழற்றும் இடம் அதுதான்.